82 ஆட்டம்... 37 வயது! மே மாதம் வரை தாங்குமா வாரியர்ஸின் கால்கள்?

2025, மே 6. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரம். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணிக்கும் மினசோட்டா டிம்பர்வுல்வ்ஸ் அணிக்கும் இடையிலான பிளே-ஆஃப் தொடரின் முதல் ஆட்டம். இரண்டாவது கால் பகுதி நடந்துகொண்டிருக்கிறது. ஸ்டீபன் கர்ரி தன் இடது தொடையின் பின்புறத்தைக் கையால் பிடித்துப் பார்க்கிறார். விழவில்லை, யாரும் இடிக்கவில்லை, கத்தவும் இல்லை. இன்னும் சிறிது நேரம் ஆடிவிட்டு, உடைமாற்றும் அறையை நோக்கி நடந்து போனார். அந்த சீஸனில் அவர் மறுபடி களமிறங்கவே இல்லை.

13 நிமிடங்களில் 13 பாயின்ட் எடுத்திருந்தார். அன்றைய ஆட்டத்தை வாரியர்ஸ் 99-88 என்று ஜெயித்தது. ஆனால், அடுத்த நான்கு ஆட்டங்களிலும் வரிசையாகத் தோற்று வீட்டுக்குத் திரும்பியது. எலும்பு முறிவு இல்லை, பெரிய விபத்தும் இல்லை. தொடையின் பின்னால் ஒரே ஒரு தசை இழுத்துக்கொண்டது. மொத்த சீஸனும் முடிந்துபோனது.

இதோ, அடுத்த சீஸன் வந்துவிட்டது. அக்டோபர் 21-ம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸில் லேக்கர்ஸுக்கு எதிராக வாரியர்ஸ் தன் முதல் ஆட்டத்தை ஆடுகிறது. கர்ரிக்கு இப்போது வயது 37. அவருக்குத் துணையாக நிற்கும் ஜிம்மி பட்லருக்கு 36. டிரேமண்ட் கிரீனுக்கு 35. புதிதாக வந்து சேர்ந்திருக்கும் ஆல் ஹார்ஃபோர்டுக்கு 39. நான்கு பேரின் வயதையும் கூட்டினால் 147!

'இந்த வயசுல இவங்களால ஆட முடியுமா?' என்று கேட்டால், பதில் சுலபம். முடியும், பிரமாதமாகவே முடியும். உண்மையான கேள்வி வேறு. எத்தனை நாள்கள் முடியும்? அந்த நாள்கள் எந்த மாதத்தில் வரும்?

வயது எங்கே தெரிகிறது?

கர்ரியின் ஆட்டத்தில் வயதைத் தேடினால் சட்டென்று கிடைக்காது. 2024 பாரிஸ் ஒலிம்பிக் இறுதிப்போட்டியில் ஃபிரான்ஸுக்கு எதிராக 8 த்ரீ-பாயின்டர்களைப் போட்டு அமெரிக்காவுக்குத் தங்கம் வாங்கிக்கொடுத்தபோது அவருக்கு வயது 36. சென்ற சீஸனில் பிப்ரவரி மாதம் ஆர்லாண்டோவில் 56 பாயின்ட். 37-வது பிறந்தநாள் முடிந்த அடுத்த மாதமே, ஏப்ரல் 1-ம் தேதி மெம்ஃபிஸில் 52 பாயின்ட். இரண்டு ஆட்டங்களிலும் தலா 12 த்ரீ-பாயின்டர்கள். மார்ச் மாதத்தில், என்.பி.ஏ வரலாற்றில் 4,000 த்ரீ-பாயின்டர்களைத் தொட்ட முதல் வீரரும் ஆனார்.

குறிபார்த்து எறிகிற கை சீக்கிரம் கிழவனாவதில்லை. எதிரணி எங்கே தடுமாறும் என்று கணிக்கிற மூளையும் அப்படித்தான். அது வயதோடு கூர்மையாகும். இதற்கு டிரேமண்ட் கிரீனே சாட்சி. 6 அடி 6 அங்குல உயரத்தை வைத்துக்கொண்டு, தன்னைவிட அரையடி உயர்ந்தவர்களைத் தடுத்து ஆடுகிறார். சென்ற சீஸனின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதுக்கான வாக்கெடுப்பில் மூன்றாவதாக வந்தார்.

வயது தெரிகிற இடம், ஆட்டம் முடிந்த மறுநாள் காலை. ஓர் ஆட்டத்தில் கர்ரி ஏறத்தாழ 4 கிலோமீட்டர் ஓடுகிறார். அதுவும் நேர்க்கோட்டு ஓட்டம் இல்லை. வேகம் எடுப்பது, சட்டென்று நிற்பது, திரும்புவது, ஆள்களுக்கு இடையில் நுழைந்து வெளியே வருவது என்று ஒவ்வோர் அசைவும் தொடைத்தசையையும் கணுக்காலையும் பிடித்து இழுக்கும். 23 வயதில் ஒரு ராத்திரி தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் வலி, 37 வயதில் இரண்டு மூன்று நாள்கள் கூடவே இருக்கும். அதற்குள் அடுத்த ஆட்டம் வந்து நிற்கும்.

ஐ.பி.எல் லீக் சுற்றில் ஓர் அணிக்கு 14 ஆட்டங்கள். என்.பி.ஏ-வில் 82! அக்டோபர் கடைசியில் ஆரம்பித்து ஏப்ரல் நடுவில் முடியும். இடையில் நாடு முழுக்க விமானப் பயணம். இன்று ஓர் ஊரில், நாளை இன்னோர் ஊரில் என்று அடுத்தடுத்த நாள்களில் ஆடவேண்டிய ஆட்டங்களும் உண்டு. இந்த முறை வாரியர்ஸுக்கு ஆரம்பமே அப்படித்தான். அக்டோபர் 21, 23, 24, 27, 28 என முதல் எட்டு நாள்களில் ஐந்து ஆட்டங்கள். அதில் இரண்டு முறை அடுத்தடுத்த நாள் ஆட்டம்.

ஒரே ஒரு வெற்றியின் விலை

'அதான் 82 ஆட்டம் இருக்கே... நடுவுல கொஞ்சம் ரெஸ்ட் கொடுத்தா போச்சு' என்று தோன்றும். வாரியர்ஸின் மொத்த சிக்கலும் இங்கேதான் இருக்கிறது.

என்.பி.ஏ-வில் 30 அணிகள். கிழக்கில் 15, மேற்கில் 15. ஒவ்வொரு பக்கத்திலும் முதல் ஆறு இடங்களைப் பிடிக்கும் அணிகள் நேராக பிளே-ஆஃபுக்குப் போகும். 7 முதல் 10 வரையிலான அணிகள் 'பிளே-இன்' என்ற கூடுதல் ஆட்டம் ஆடித்தான் உள்ளே நுழைய முடியும். அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றும் ஏழு ஆட்டத் தொடர். முதலில் நான்கு வெற்றி பெறும் அணி அடுத்த சுற்றுக்குப் போகும்.

சென்ற சீஸனில் மேற்குப் பிரிவில் இரண்டாம் இடம் பிடித்த ஹூஸ்டன் ராக்கெட்ஸுக்கு 52 வெற்றிகள். ஆறாம் இடம் பிடித்த மினசோட்டாவுக்கு 49. வாரியர்ஸுக்கு 48. ஏழாம் இடம்! இரண்டுக்கும் ஏழுக்கும் நடுவே நான்கே வெற்றிகள்தான் வித்தியாசம்.

சீஸனின் கடைசி நாளில், சொந்த ஊரான சான் ஃபிரான்சிஸ்கோவில், கிளிப்பர்ஸிடம் கூடுதல் நேரம் வரை போராடி 124-119 என்று வாரியர்ஸ் தோற்றது. அதை ஜெயித்திருந்தால் பிளே-இன் ஆடவேண்டிய அவசியமே வந்திருக்காது. தோற்றதால் இரண்டு நாள் கழித்து மெம்ஃபிஸுடன் பிளே-இன். அங்கே ஜெயித்து, இரண்டாம் இடத்தில் இருந்த ஹூஸ்டனுடன் முதல் சுற்று. அந்தத் தொடர் கடைசி ஏழாவது ஆட்டம் வரை இழுத்தது. கர்ரியை ஒரு நிமிடம்கூட நிம்மதியாக ஓடவிடாமல், இளம் ஹூஸ்டன் வீரர்கள் முட்டி மோதித் தள்ளினார்கள். இரண்டாவது ஆட்டத்தில் பட்லர் இடுப்பில் அடிபட்டு, மூன்றாவது ஆட்டத்தில் உட்கார்ந்தார். ஏழாவது ஆட்டம் மே 4-ம் தேதி. அதை ஜெயித்துவிட்டு, ஒரே ஒரு நாள் இடைவெளியில் மினியாபொலிஸுக்குப் பறந்தார்கள். அங்கேதான் கர்ரியின் தொடை இழுத்துக்கொண்டது.

மே மாதத்தில் கர்ரிக்குப் பட்ட காயத்துக்கு நவம்பர் மாதத்தில் தோற்ற ஆட்டங்களும் ஒரு காரணம் என்று சொன்னால் மிகையாகத் தோன்றலாம். ஆனால், கணக்கு அப்படித்தான் சொல்கிறது. எங்கோ ஒரு சாதாரண ஆட்டத்தைக் கூடுதலாக ஜெயித்திருந்தால், கடைசி நாளின் அந்த நெருக்கடியே வந்திருக்காது. பிளே-இன் இல்லாமல் சில நாள் ஓய்வும் கிடைத்திருக்கும்.

ஆக, வயதான அணிக்கு இரண்டு பக்கமும் அடி. ஓய்வு கொடுத்தால் ஆட்டம் தோற்கும். தோற்றால் பட்டியலில் கீழே இறங்கி, கடைசியில் கூடுதலாக ஓட வேண்டிவரும். ஓய்வு கொடுக்காமல் ஜெயித்துக்கொண்டே போனால், கடைசியில் ஓட கால் இருக்காது. மாதக் கடைசி வரை கையிருப்பை இழுத்துப் பிடிக்கிற குடும்பத்துக்கு இந்தக் கணக்கைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

நட்சத்திர வீரர்களை இஷ்டத்துக்கு உட்காரவைக்க என்.பி.ஏ-வும் விடுவதில்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு வரும் ரசிகர்கள் ஏமாறக் கூடாது என்று 2023-ல் கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தார்கள். ஆனால், 35 வயதைத் தொட்டவர்களுக்கு அடுத்தடுத்த நாள் ஆட்டங்களில் ஒன்றில் ஓய்வு கேட்க அதிலேயே வழி உண்டு. வாரியர்ஸ் இந்த வருடம் அந்த வழியை அடிக்கடி பயன்படுத்தும் என்று எதிர்பார்க்கலாம்.

பட்லர் வந்த பிறகு...

வாரியர்ஸ் ரசிகர்கள் நம்பிக்கை வைக்க ஒரு வலுவான காரணம் இருக்கிறது.

சென்ற சீஸனை 12 வெற்றி, 3 தோல்வி என்று அமர்க்களமாகத் தொடங்கிய அணி, பிறகு சரசரவென்று சரிந்தது. பிப்ரவரியில் 25 வெற்றி, 26 தோல்வி. 'அவ்வளவுதான், இவர்கள் கதை முடிந்தது' என்று எல்லோரும் எழுதினார்கள். அந்த நேரத்தில்தான் மயாமி அணியோடு மனக்கசப்பில் இருந்த ஜிம்மி பட்லரை வாரியர்ஸ் கொண்டுவந்தது. அதன் பிறகு 23 வெற்றி, 8 தோல்வி!

பட்லர் ஓடிக் களைக்கிற ஆள் இல்லை. மெதுவாக உள்ளே நுழைவார், எதிரணி வீரரைத் தப்பு செய்யவைப்பார், ஃப்ரீ த்ரோ வாங்குவார், பந்தை வீணாக்க மாட்டார். கர்ரி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நிமிடங்களில் அணி கவிழ்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் கிடைத்தார். கர்ரி களத்தில் இருக்கும்போதோ, எதிரணியில் இரண்டு பேர் அவர் பின்னாலேயே ஓடுவார்கள். மீதி மூன்று பேர், வாரியர்ஸின் நான்கு பேரைச் சமாளிக்க வேண்டும். அந்த இடைவெளியில் பட்லர் புகுந்துவிடுவார்.

அந்தக் கூட்டணி ஒரு முழு சீஸன் ஆடினால் எப்படி இருக்கும்? இதுவரை யாரும் பார்த்ததில்லை. இந்த வருடத்தின் பெரிய எதிர்பார்ப்பு இதுதான். அதே நேரத்தில், மயாமியையும் வாரியர்ஸையும் சேர்த்து சென்ற சீஸனில் பட்லர் ஆடியது மொத்தம் 55 ஆட்டங்கள்தான். அதற்கு முந்தைய சீஸனில் 60. முழு சீஸன் என்பது அவருக்கும் லேசான காரியம் இல்லை.

39 வயதுக்காரர் எதற்கு?

'ஏற்கெனவே அணிக்கு வயசாயிடுச்சுன்னு சொல்றீங்க. 39 வயசு ஆளை ஏன் எடுத்தாங்க?' நியாயமான கேள்விதான்.

டொமினிக்கன் குடியரசில் பிறந்த ஆல் ஹார்ஃபோர்டு, 2024-ல் பாஸ்டன் செல்டிக்ஸ் அணியோடு கோப்பையை வென்றவர். இது அவருக்கு 19-வது சீஸன். கூடைக்குக் கீழே நின்று உயரமானவர்களோடு மோதவும் தெரியும், வெளியே வந்து த்ரீ-பாயின்டர் போடவும் தெரியும். இரண்டையும் செய்யத் தெரிந்த பெரிய ஆள் கர்ரிக்குப் பக்கத்தில் இதுவரை நிரந்தரமாக அமைந்ததில்லை.

இன்னொரு லாபமும் உண்டு. இத்தனை வருடங்களாகக் குள்ளமான உடம்போடு பெரிய ஆள்களின் இடியைத் தாங்கி வந்தவர் கிரீன். அந்தச் சுமையில் ஒரு பங்கை ஹார்ஃபோர்டு ஏற்றுக்கொண்டால், கிரீனின் உடம்புக்கு ஓய்வு. ஆனால், பாஸ்டனிலேயே கடந்த சில சீஸன்களாக அடுத்தடுத்த நாள் ஆட்டங்களில் ஒன்றில்தான் ஹார்ஃபோர்டு ஆடுவார். இங்கேயும் அப்படித்தான் இருக்கும். அவர் உட்காரும் நாள்களில் அந்த இடத்தை 25 வயது குவின்டன் போஸ்ட் நிரப்ப வேண்டும்.

கல்லாப்பெட்டிச் சாவி யாரிடம்?

பழைய குடும்பக் கடைகளில் ஒரு காட்சியைப் பார்த்திருப்போம். பெரியவர் கல்லாவில் உட்கார்ந்திருப்பார். மகன் பத்து வருடமாகக் கடையில் நிற்பான். வாடிக்கையாளருக்குத் தெரியும், வியாபாரம் தெரியும், சாவி மட்டும் கைக்கு வராது. வாரியர்ஸில் அந்த மகன், ஜோனதன் குமிங்கா.

காங்கோ நாட்டுக்காரர். 2021-ல் ஏழாவது தேர்வாக அணிக்குள் வந்தவர். இந்த மாதம்தான் 23 வயது நிறைந்தது. எம்பிக் குதித்தால் கூடைக்கு மேலே கை போகும். ஆனால், கோச் ஸ்டீவ் கெரின் திட்டத்தில் அவருக்கு நிலையான இடம் அமையவில்லை. சென்ற ஏப்ரலில் மெம்ஃபிஸுடனான முக்கியமான பிளே-இன் ஆட்டத்தில் அவரைக் களமிறக்கவே இல்லை. ஹூஸ்டன் தொடரிலும் சில ஆட்டங்கள் பெஞ்ச்தான். கர்ரிக்கு அடிபட்ட பிறகுதான் கூப்பிட்டார்கள். மினசோட்டாவுக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தில் 30 பாயின்ட் எடுத்துக் காட்டினார்!

ஒப்பந்தம் முடிந்திருந்த அவருடைய விஷயம், இந்தக் கோடை முழுக்க இழுத்தது. மற்ற வீரர்களைச் சேர்க்கும் வேலைகூட அதனால் தள்ளிப்போனது. பயிற்சி முகாம் தொடங்கும் நேரத்தில்தான் இரண்டு வருட ஒப்பந்தம் கையெழுத்தானது. அவர் இந்த சீஸன் முழுக்க இங்கேயே இருப்பாரா, நடுவில் வேறு அணிக்கு மாற்றப்படுவாரா என்ற பேச்சு இப்போதே ஆரம்பித்துவிட்டது.

பெரியவர்களையும் வைத்துக்கொண்டு, சின்னவர்களையும் வளர்த்தெடுப்போம் என்று வாரியர்ஸ் முன்பே ஒரு முறை முயன்றது. 2020-ல் இரண்டாவது தேர்வாக வந்த ஜேம்ஸ் வைஸ்மன் 2023-ல் அனுப்பப்பட்டார். 2022 கோப்பையில் பெரும்பங்கு வகித்த ஜோர்டான் பூல், பயிற்சியின்போது கிரீனிடம் குத்து வாங்கி, அடுத்த வருடமே வேறு அணிக்குப் போனார். இப்போது குமிங்காவோடு சேர்த்து மோசஸ் மூடி, பிராண்டின் பொட்ஸெம்ஸ்கி என 22, 23 வயதுக்காரர்கள் இருக்கிறார்கள். அணியின் தலைவிதி ஒரு வகையில் இவர்கள் கையில்தான். கர்ரி ஓய்வெடுக்கும் பத்துப் பன்னிரண்டு ராத்திரிகளில் பாதியை இவர்கள் ஜெயித்துக்கொடுத்தால் போதும். பிளே-இன் தொல்லை தீர்ந்துவிடும்.

பணக் கணக்கு

'இளம் நட்சத்திரம் ஒருவரைப் பெரிய விலை கொடுத்து வாங்கிவிடலாமே?' அதற்கும் வழி குறைவு. இந்த சீஸனில் கர்ரியின் சம்பளம் 5.96 கோடி டாலர். பட்லருக்கு 5.41 கோடி. கிரீனுக்கு 2.59 கோடி. மூவருக்கும் சேர்த்து 13.96 கோடி. ஓர் அணிக்கு என்.பி.ஏ வகுத்திருக்கும் அடிப்படைச் சம்பள உச்சவரம்பே 15.46 கோடி டாலர்தான். அதாவது மூன்று பேரே அதில் 90 சதவிகிதத்தை எடுத்துக்கொள்கிறார்கள். வரம்பைத் தாண்டிச் செலவு செய்ய விதிகளில் இடமுண்டு. ஆனால், தாண்டத் தாண்ட வரியும் ஏறும், புதிய ஆள்களை எடுக்கும் வழிகளும் குறையும். ஹார்ஃபோர்டு போன்ற அனுபவசாலிகளைக் குறைந்த சம்பளத்தில் அழைத்துவருவதற்கு இதுவும் காரணம்.

கர்ரி, பட்லர் இருவரின் ஒப்பந்தமும் 2027 வரை. கோச் கெரின் ஒப்பந்தம் இந்த சீஸனோடு முடிகிறது. கூட்டிக்கழித்துப் பார்த்தால், இந்தக் கூட்டத்துக்கு மிச்சமிருப்பது இரண்டே சீஸன்கள்.

வரலாறு என்ன சொல்கிறது?

வயதான அணிகள் ஜெயித்த கதைகள் உண்டு. கெரே அப்படியொரு கதையில் இருந்தவர். 1998-ல் சிகாகோ புல்ஸ் கோப்பையை வென்றபோது மைக்கேல் ஜோர்டானுக்கு 35 வயது, டென்னிஸ் ராட்மனுக்கு 37. அந்த அணியின் பெஞ்சிலிருந்து வந்து த்ரீ-பாயின்டர் போட்டவர்தான் ஸ்டீவ் கெர். 2003-ல் சான் அன்டோனியோ ஸ்பர்ஸுக்காக ஆடியபோது, டல்லாஸுக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் இறங்கி, எறிந்த நான்கு த்ரீ-பாயின்டர்களையும் போட்டுத் தொடரை முடித்துவைத்தார். அப்போது அவருக்கு என்ன வயது தெரியுமா? 37. இன்றைய கர்ரியின் வயது! அந்த சீஸனோடு ஓய்வும் பெற்றார்.

வாரியர்ஸுக்குப் பொருத்தமான பாடம், 2014-ன் ஸ்பர்ஸ். டிம் டங்கனுக்கு 38, மனு ஜினோபிலிக்கு 36, டோனி பார்க்கருக்கு 32. முந்தைய வருடம் இறுதிப்போட்டியில் கைக்கு எட்டிய கோப்பையைத் தவறவிட்டவர்கள். கோச் கிரெக் பாப்பவிச் அந்த சீஸன் முழுக்க ஒருவரைக்கூட சராசரியாக 30 நிமிடங்களுக்கு மேல் ஆடவிடவில்லை. அப்படியும் 62 வெற்றிகள்! கடைசியில் மயாமியை 4-1 என்று புரட்டிப்போட்டுக் கோப்பையை வென்றார்கள். அந்த இறுதித் தொடரின் சிறந்த வீரர் டங்கன் இல்லை, ஜினோபிலியும் இல்லை. கவாய் லெனார்ட் என்ற 22 வயதுப் பையன். பெரியவர்கள் ஓய்வெடுத்த நேரத்தில் வளர்ந்தவர்.

இன்னும் பின்னால் போனால், 1969-ன் பாஸ்டன் செல்டிக்ஸ். பில் ரஸலுக்கும் சாம் ஜோன்ஸுக்கும் தலா 35 வயது. ரஸல்தான் கோச்சும்கூட! வெற்றி 48, தோல்வி 34. சென்ற சீஸனில் வாரியர்ஸ் எடுத்த அதே எண்கள். கிழக்குப் பிரிவில் நான்காவதாக உள்ளே நுழைந்து, லேக்கர்ஸை அவர்கள் ஊரிலேயே ஏழாவது ஆட்டத்தில் இரண்டு பாயின்டில் வீழ்த்தினார்கள். அத்தோடு ரஸலும் ஜோன்ஸும் விடைபெற்றார்கள்.

தோற்ற கதைகளையும் சொல்ல வேண்டும். 2004-ல் லேக்கர்ஸ், 40 வயது கார்ல் மலோனையும் 35 வயது கேரி பேட்டனையும் சேர்த்துக்கொண்டு இறுதிப்போட்டி வரை போனது. மலோனின் முழங்கால் கைவிட்டது; டெட்ராய்ட் 4-1 என்று ஜெயித்தது. 2022-ல் அதே லேக்கர்ஸ், லெப்ரான் ஜேம்ஸைச் சுற்றிப் பழைய பெயர்களாகச் சேர்த்தது. 33 வெற்றி, 49 தோல்வி. பிளே-இன்னுக்குக்கூட வரவில்லை.

இரண்டு வகைக்கும் உள்ள வித்தியாசம் வெறும் வயது இல்லை. ஜெயித்த அணிகளில் பெரியவர்கள் பல வருடங்கள் சேர்ந்து ஆடியவர்கள். பக்கத்திலேயே உழைக்கிற இளசுகளும் இருந்தார்கள். தோற்ற அணிகள் பெயர்களைச் சேர்த்தன. வாரியர்ஸில் கர்ரியும் கிரீனும் 2012 முதல் ஒன்றாக ஆடுகிறார்கள். நான்கு கோப்பைகள் வாங்கியிருக்கிறார்கள். முதல் பாதி சரியாக இருக்கிறது. இரண்டாவது பாதிதான் இன்னும் கேள்விக்குறி.

எதிரே நிற்பவர்கள்

இப்போதைய சாம்பியன் ஓக்லஹோமா சிட்டி தண்டர். சென்ற சீஸனில் 68 வெற்றிகள். 1977-க்குப் பிறகு கோப்பை வென்றதிலேயே மிக இளமையான அணி. தலைவர் ஷே கில்ஜியஸ்-அலெக்ஸாண்டருக்கு 27 வயது. அவர்களுக்கு அடுத்தடுத்த நாள் ஆட்டம் என்பது பெரிய விஷயமே இல்லை. ஹூஸ்டனோ, கெவின் டுரன்டைச் சேர்த்துக்கொண்டது. டென்வர், மினசோட்டா, லூக்கா டான்சிச் இருக்கும் லேக்கர்ஸ் என மேற்குப் பிரிவில் இளைப்பாற இடமே இல்லை.

இந்த வருடத்தின் முதல் தேர்வாக டல்லாஸ் அணிக்கு வந்திருக்கும் கூப்பர் ஃபிளாக்கின் வயது 18. கர்ரி என்.பி.ஏ-வுக்குள் நுழைந்த 2009-ல் அவர் இரண்டு வயதுக் குழந்தை!

என் கணிப்பு

கர்ரி 65 ஆட்டங்களுக்கு மேலும், பட்லர் 60-க்கு மேலும் ஆடினால், முதல் ஆறு இடங்களுக்குள் வாரியர்ஸ் வந்துவிடும். நான்காம் இடம்கூட எட்டாக்கனி இல்லை. இருவரில் ஒருவர் ஒரு மாதத்துக்கு மேல் படுத்துவிட்டால், மறுபடியும் பிளே-இன்தான். அதற்குக் கீழே போனாலும் ஆச்சர்யப்பட முடியாது. கோப்பை? ஓக்லஹோமாவை ஏழு ஆட்டத் தொடரில் வீழ்த்துவது கடினம். ஆனால், மே மாதத்தில் முழு உடல்நலத்தோடு இருக்கும் கர்ரியை எந்த அணியும் விரும்பி எதிர்கொள்ளாது.

ஆகவே, நவம்பர் மாத ஆட்டமொன்றில் கர்ரி கோட் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் கோபப்படாதீர்கள். அன்றைக்கு ஸ்கோரைப் பார்க்கும்போது குமிங்கா, மூடி, பொட்ஸெம்ஸ்கி பெயர்களுக்கு எதிரே என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். வாரியர்ஸின் சீஸன் எப்படிப் போகிறது என்பதை அந்த எண்கள்தான் சரியாகச் சொல்லும்.

கடைசியாக ஒரு பழைய கணக்கு. 2011, 2012 என அடுத்தடுத்த வருடங்களில் கர்ரிக்குக் கணுக்காலில் அறுவைசிகிச்சை நடந்தது. 2011-12 சீஸனில் அவரால் 26 ஆட்டங்கள்தான் ஆட முடிந்தது. 'கண்ணாடிக் கால்' என்று பலரும் கைகழுவிய நேரத்தில், நான்கு வருட ஒப்பந்தம் கொடுத்து அவரை நம்பியது இதே வாரியர்ஸ். அந்தக் கால்கள்தான் இன்று 17-வது சீஸனுக்குள் நுழைகின்றன.

தீபாவளிப் பலகாரம் தீர்வதற்குள், அக்டோபர் 22, நம் நேரப்படி காலை 7.30 மணிக்கு முதல் ஆட்டம். இன்னும் 82 ஆட்டங்கள் இருக்கின்றன... அந்தக் கால்கள் தாங்கட்டும்!